சாவி கைமாறிய நாளில் ஒரு பொன்னாடை

1. கடைசி நாள் என்று நான் நம்பியது

பணிக்கால நினைவுக் குறிப்புகளை வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்து தொடங்குவார்கள். நான் கடைசி நாளிலிருந்து தொடங்குகிறேன். அதாவது, என் கடைசி நாள் என்று நான் உறுதியாக நம்பிய நாளிலிருந்து.

ஒஸ்லோவில் ஓர் அமைச்சகத்தின் தகவல் பிரிவில் நான் மூத்த ஆலோசகராக இருந்தேன். தேர்தல் முடிந்து ஆட்சி மாறியிருந்தது. நோர்வேயில் புதிய அமைச்சர்களின் பெயர்கள் மன்னரின் அரண்மனைக்குப் போகும் முன்பே பத்திரிகைகளுக்குப் போய்விடும். எங்களுக்கு வரப்போகிறவர் யார் என்று கைபேசியில் பார்த்தேன். பார்த்துவிட்டு அதை மேசையில் கவிழ்த்து வைத்தேன். பெயர் இதற்குள் மாறியிருக்கலாம் என்று மறுபடி நிமிர்த்திப் பார்த்தேன். மாறவில்லை.

அரசுப் பணிக்கு வருமுன் பல ஆண்டுகள் ஒரு கட்சித் தலைமையகத்தில் தேர்தல் வியூகம் வகுத்தவன் நான். அங்கே நான் கடைசியாகச் செய்த வேலை ஒரு சிறு படம். எதிர்க்கட்சிப் பெண்மணி ஒருவர் தொலைக்காட்சி விவாதத்தில் மூன்று கேள்விகளுக்கும் "பரிசீலிப்போம்" என்றே பதில் சொன்னார். அந்த மூன்றையும் வரிசையாக ஒட்டினேன். ஒவ்வொன்றுக்கும் இடையில், சோபாவில் குறட்டை விட்டுத் தூங்கும் ஒரு நாய். வேறெதுவும் இல்லை. நாடு சிரித்தது. அவர் தன் ஆசனத்தை இழந்தார். படத்தைச் செய்தவன் பெயர் வெளியே வரவில்லை. வராமல் இருப்பதுதான் அந்தத் தொழிலின் ஒழுங்கு.

அதன்பின் விளம்பரம் பார்த்து விண்ணப்பித்து, நேர்முகம் முடித்து, கட்சி சாராத அரச ஊழியனானேன். இப்போது அந்தப் பெண்மணி எங்கள் அமைச்சர். படம் யாருடையது என்று அவர் எப்படியும் விசாரித்து அறிந்திருப்பார் என்றே நினைத்தேன்.

2. பெட்டி

நான் வளர்ந்த யாழ்ப்பாணத்தில் ஆட்சி மாறினால் கச்சேரி என்னும் மாவட்டச் செயலக உத்தியோகத்தர்கள் முதலில் தேடுவது பெட்டியைத்தான். நானும் தேடினேன். கோப்பை, அலுவலகத்துக்குள் போடும் சப்பாத்து, அகராதி என்று எல்லாவற்றையும் அடுக்கிப் பெட்டியை வாசலோரம் வைத்தேன்.

அமைச்சகத்தின் தலைமை அதிகாரி பெரித் அந்த வழியால் வந்தார். எத்தனையோ அமைச்சர்களை வரவேற்று, வழியனுப்பி, அலுத்துப்போன மனுஷி.

"எங்கே போகிறாய்?" என்று கேட்டார். இந்த நாட்டில் எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தான். அமைச்சருக்கும் அதே.

"புதிய அமைச்சர் வருகிறார்."

"தெரியும். அதனால்தான் நாளை அமைச்சர்கள் சாவி கைமாற்றும் நிகழ்வு உன் பொறுப்பு. ஒலிவாங்கி சொல்லிவிட்டாயா? பூங்கொத்து?"

படத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"நீ அரச ஊழியன். கட்சியில் முன்பு செய்த வேலைக்காக உன்னை நீக்க அவரால் முடியாது. விதி உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்." பெட்டியைப் பார்த்தார். "இதை உள்ளே எடு. நடைவழியில் பெட்டி வைப்பது தீப்பாதுகாப்பு விதிக்கு எதிரானது."

என் வாழ்க்கை கவிழ்கிறது, இவருக்கு நடைவழி முக்கியம். விதி எனக்குத் தெரியும்தான். விதியை அறிவது வேறு, நம்புவது வேறு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

3. லோறென்ஸ்கூக்கில் ஆலோசனை

அன்று மாலை, ஒஸ்லோவை அடுத்த லோறென்ஸ்கூக்கில் என் மனைவி மலரின் தம்பி சோதி வீட்டில் சாப்பாடு. சோதி ஒரு தமிழ்ச் சங்கத்தின் தலைவர். மேடை இருந்தால் ஏறுவார், இல்லாவிட்டால் மேடை போடுவார். மலர் எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லிவிட்டாள்.

"அத்தான், அந்த நாய்ப் படம் நீங்களே செய்தது?" சோதிக்குப் பெருமை தாங்கவில்லை. "நான் எத்தினை பேருக்கு அனுப்பினனான்!"

"சத்தமாய்க் கதையாதை. அது ஒருத்தருக்கும் தெரியாது."

"மந்திரிக்குத் தெரியாமல் இருக்குமே? எல்லாம் அறிஞ்சுதான் வாறா. உங்களை நேரை இனி கிடங்கிலை கோப்பு அடுக்கத்தான் விடுவா."

"தம்பி, அவரை வெருட்டாதை," என்றாள் மலர். "பேரைக் கண்டதிலையிருந்து ஒரு வாய் சாப்பிடாமல் இருக்கிறவர்."

"ஓம் அக்கா, அதுக்குத்தான் சொல்லுறன். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அத்தான். மனுசர் மனுசரோடை கதைச்சால் தீராத பிரச்சினை இல்லை."

"நீ ஒருத்தரோடையும் கதைக்கத் தேவையில்லை," என்றேன்.

"சரி சரி. புட்டுப் போடட்டே?"

சோதி அவ்வளவு விரைவாகச் 'சரி' சொன்னது அதற்கு முன் ஒருபோதும் நடந்ததில்லை. தேர்தல் வியூகம் வகுத்தவனுக்கு அது உறைத்திருக்க வேண்டும். நான் புட்டுச் சாப்பிட்டேன்.

4. வாசலில்

சாவி கைமாற்றுவது இந்நாட்டு வழக்கம். போகிற அமைச்சர் வருகிற அமைச்சரிடம் சாவியைக் கொடுத்து, இரண்டு பகிடி விட்டுச் சிரிக்கவைத்து, ஒரு சிறு பரிசும் கொடுப்பார். நேற்றுவரை ஒருவரையொருவர் கடித்தவர்கள் அன்று கட்டியணைப்பார்கள். சாவி என்பது உண்மையில் ஒரு பிளாஸ்டிக் அட்டை.

வழக்கமாக அது உள்ளே நடக்கும். அம்முறை வாசலுக்கு வெளியே வைத்தோம். உள்ளே என்றால் ஒவ்வொரு நிருபரையும் சோதிக்க வேண்டும். வெளியே என்றால் ஒரு கயிறு போதும். அந்தச் சிக்கன யோசனை என்னுடையது.

தூறல். புதியவர் சாவியை வாங்கினார். உரை முடிந்தது. நேரடி ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. அவர் கயிற்றோரமாகக் கைகொடுத்துக்கொண்டு வந்தார். நான் ஒலிவாங்கியோடு பின்னால்.

கயிற்றின் மறுகரையில் சோதி நின்றார். கோட்டும் சூட்டும். கையில் தங்கச் சரிகை போட்ட சிவப்புப் பொன்னாடை.

வேண்டாம் என்று தலையாட்டினேன். அமைச்சர் கையை நீட்டியதும் சோதி அந்தக் கையைத் தாண்டி, அவருடைய மழைக்கோட்டின் மேல் பொன்னாடையைப் போர்த்தினார். பிறகு நோர்வேஜிய மொழியில், மேடைக் குரலில் சொன்னார்:

"நல்வரவு. உன் பின்னால் நிற்கிறவர் என் அக்காவின் கணவர். நல்ல மனிதர். அந்த நாய்ப் படத்தைச் செய்ததற்காக அவரை மன்னித்துவிடு. வேலையில் இருந்து நிறுத்தாதே."

அமைச்சர் மெதுவாகத் திரும்பினார். அவர் கண்களைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. பழைய கட்சிக்கும் பெரித்துக்கும் என் வீட்டாருக்கும் வெளியே ஒருவருக்குமே தெரிந்திருக்கவில்லை. எத்தனையோ ஆண்டுகள் கட்டிக் காத்த ரகசியத்தை என்னைக் காப்பாற்ற வந்த ஆள் ஒரே மூச்சில் நாடு முழுவதற்கும் ஒலிபரப்பியிருந்தார். ஒலிவாங்கி என் கையில் இருந்தது. அது வேலையும் செய்தது.

ஒரு நிருபர் உடனே கேட்டார்: "இவரை வேலையில் வைத்திருப்பாயா?"

தூறல் பொன்னாடையில் விழுந்துகொண்டிருந்தது. அமைச்சர் என்னைப் பார்த்தார், சோதியைப் பார்த்தார், கமெராவைப் பார்த்தார்.

"பரிசீலிப்போம்," என்றார்.

யாரோ ஒரு நிருபர் அந்த நாயைப் போலக் குறட்டை விட்டுக் காட்டினார். வாசல் முழுவதும் சிரிப்பு. முதலில் சிரித்தது அமைச்சர்தான். சிரிக்காதவர்கள் இருவர்: நானும் சோதியும். சோதி அதைத் தன் வேண்டுகோளுக்குக் கிடைத்த நல்ல பதிலாகவே எடுத்துக்கொண்டு தலையாட்டினார். எனக்குப் பகிடி விளங்கியும் சிரிப்பு வரவில்லை.

5. அறையில்

அன்று பின்னேரம் அமைச்சர் தன் அறைக்கு அழைத்தார். பெரித்தும் அங்கே நின்றார். பொன்னாடை நாற்காலியில் காய்ந்துகொண்டிருந்தது.

"அந்த நாய் உன்னுடையதா?"

நான் தயாரித்து வைத்திருந்த எந்தப் பதிலும் இந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை. "இல்லை. பக்கத்து வீட்டுக்காரருடையது."

"அவ்வளவு நன்றாக எப்படித் தூங்க வைத்தாய்?"

"உன் விவாதத்தைத்தான் போட்டுவிட்டோம்."

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. பெரித் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அமைச்சர் சிரிக்கவில்லை. மேசையில் இருந்த தாள்களை என் பக்கம் தள்ளினார். "என் கட்சிக்காரர்கள் அந்தப் படம் அநியாயம் என்று மட்டும்தான் சொன்னார்கள். நான் எப்படிப் பேசுகிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. இது நாளைய உரை. நாய் எங்கெங்கே தூங்கும் என்று குறித்துக் கொடு."

கட்சிக்கு ஆதரவு சேர்க்கும் வேலையை அரச ஊழியனான என்னால் செய்ய முடியாது என்றேன். ஆனால் அரசு மக்களுக்குத் தெளிவான மொழியில் பேச வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, அந்தச் சட்டத்தின்படி திருத்தலாம் என்றேன்.

"எந்தச் சட்டப்படியும் திருத்து," என்றார்.

உட்கார்ந்து திருத்தினேன். நாய் பல இடங்களில் தூங்கியது.

பொன்னாடை விஷயமும் என் தலையில்தான் விழுந்தது. வேண்டுகோளோடு வரும் பரிசை அமைச்சர் வைத்திருக்கக்கூடாது. சோதியின் வேண்டுகோளை நாடே கேட்டிருந்தது. ஆகவே நானே லோறென்ஸ்கூக்குக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"பொன்னாடையைத் திருப்பி அனுப்புற மந்திரியை நான் இப்பதான் அத்தான் பாக்கிறன்," என்றார் சோதி, நிஜமான துக்கத்தோடு. பிறகு முகம் தெளிந்தது. "ஆனால் பாருங்கோ, வேலை தப்பிட்டுதே!"

இன்றுவரை என் வேலையைக் காப்பாற்றியது தான்தான் என்று நம்புகிறார். மலரும் அப்படித்தான் நம்புகிறாள். நான் மறுப்பதை விட்டுவிட்டேன்.

அந்த அமைச்சரின் கீழ் நான் ஓய்வு பெறும்வரை வேலை செய்தேன். இப்போது நம் பிள்ளைகள் பலர் அமைச்சகங்களுக்கும் நகரசபைகளுக்கும் வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: யாரும் சாட்டாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்காதீர்கள். உங்களுக்காகக் கேட்க ஆளையும் அனுப்பாதீர்கள். முக்கியமாக, நேரடி ஒளிபரப்பு நடக்கும் இடத்துக்கு அனுப்பாதீர்கள்.

அந்தப் பெட்டியை ஓய்வு பெற்ற நாளில்தான் வீட்டுக்கு எடுத்துவந்தேன். நடைவழியில் வைக்கவில்லை.