வெயிலை நம்பாத இஞ்சினியர்

கந்தப்பளையில் அன்று காலை பருவ மழை பிடித்துக்கொண்டது. இரண்டு மாதமாக அந்த மழைக்குத்தான் நானும் திரு. கதிரேசனும் காத்திருந்தோம். ஹட்டனுக்குப் போய் அவரைக் கையோடு கூட்டி வரலாம் என்று நான் குடையைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஹட்டனிலிருந்தே ஆள் வந்து வாசலில் நின்றது.

"இஞ்சினியர் ஐயா விடியக்காலம் தவறிட்டாங்க."

என்னைவிட வயதில் இளையவர். எனக்கு முன்னால் போக அவருக்கு என்ன அவசரம்?

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டயகம பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தவர் அவர். கொழும்பில் இயந்திரப் படிப்பை முடித்தார். இலங்கை சுதந்திரம் பெற்ற கையோடு தோட்டத் தமிழர்களான நம்மவர்களின் குடியுரிமை பறிபோனது. அவருக்குக் கிடைக்கவிருந்த அரசாங்க உத்தியோகமும் அதோடு போயிற்று. அதைச் சொல்லி அவர் புலம்பி நான் கேட்டதில்லை. கம்பனி ஒன்றில் சேர்ந்து தேயிலைத் தொழிற்சாலைகளில் இஞ்சின் பூட்டிக் கொடுத்தார். பிறகு ஹட்டனில் சொந்தமாகப் பட்டறை போட்டார்.

அந்த நாட்களில் எங்கள் ஆட்களுக்குப் புது இயந்திரம் செய்யும் பைத்தியம் பிடித்திருந்தது. ஒருவர் ஓடைத் தண்ணீரில் மின்சாரம் எடுப்பேன் என்பார். இன்னொருவர் தேயிலை சலிக்கப் புது வழி கண்டுவிட்டேன் என்பார். பஜார் முதலாளிமார் இதற்கெல்லாம் முதல் போடுமுன் கதிரேசனைக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். அவர் சரி என்றால்தான் தொழில் தொடங்கும்.

அவர் முதலில் இயந்திரத்தைப் பார்க்க மாட்டார். "இது எப்பெப்ப மக்கர் பண்ணுச்சு?" என்று கேட்பார். ஒருமுறைகூட இல்லை என்று யாராவது பெருமையடித்தால், "அப்ப நீங்க இன்னும் சரியா ஓட்டிப் பார்க்கலைங்க" என்று எழுந்துவிடுவார். அடுத்தது அவருடைய பெயர்பெற்ற கட்டளை: "செஞ்சவரு வெளிய நில்லுங்க." வேறு யாராவதுதான் ஓட்டிக் காட்ட வேண்டும். செய்தவர் பிரசவ அறை வாசலில் நிற்கும் புருஷனைப் போலத் தவித்துக்கொண்டிருப்பார்.

அப்படிப்பட்டவரும் ஒரு தடவை ஏமாந்தார். கினிகத்தேனையில் ஒருவர் தேயிலைக் கொழுந்து வாட்டும் இயந்திரம் செய்திருந்தார். பறித்த கொழுந்து நன்றாகத் துவண்டால்தான் அதை அரைக்க முடியும். ஈரக்காற்றில் அது வாடாமல் கிடந்து கெட்டுப்போகும். அந்த இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தது மாசி வெயிலில். கதிரேசன் ஒரு கைப்பிடி கொழுந்தை அள்ளி, உருண்டையாக இறுக்கிப் பிடித்துக் கையைத் திறந்தார். உருண்டை பிரியவில்லை. பதம் சரி என்றுவிட்டார். அந்த வெயிலுக்குச் சாக்கில் பரப்பிப் போட்டாலே கொழுந்து வாடியிருக்கும் என்பது அங்கே நின்ற எங்கள் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மழை தொடங்கியதும் இயந்திரம் காலை வாரிவிட்டது. அந்த மனிதருடைய பட்டறை போயிற்று. குடும்பத்தோடு இந்தியாவுக்குப் புறப்பட்டவரை வழியனுப்ப நாங்கள் இருவரும் ஹட்டன் ஸ்டேஷனுக்குப் போனோம். ரயில் போனபிறகும் கதிரேசன் நகரவில்லை.

"நான் வேணாம்னு சொல்லியிருந்தா அந்த மனுஷன் என்னையத் திட்டிக்கிட்டே இங்கேயே இருந்திருப்பாருண்ணே" என்றார்.

அதன்பிறகு மழையில் ஓடிப் பார்க்காத எதற்கும் அவர் சரி சொன்னதில்லை.

என் பட்டறையில் நானும் செய்துவந்த கொழுந்து வாட்டும் பெட்டி இந்த வருடம் பங்குனியில் முடிந்தது. கம்பி வலைமேல் கொழுந்தைக் கொட்டி, அடியிலிருந்து காற்றாடியால் காற்று கொடுக்கும் நீளப் பெட்டி அது. சில வருட உழைப்பு. முதலாளிமார் பார்த்துச் சொக்கிப் போனார்கள். கதிரேசன் மட்டும் சரி சொல்லவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னங்க தம்பி, என் மேலயுமா நம்பிக்கை இல்ல?"

"உங்க மேல இருக்குண்ணே. வெயில் மேலதான் இல்ல. மழை வரட்டும், நானே வர்றேன்."

நெஞ்சுவலியை மறைத்துக்கொண்டு அவர் அதைச் சொன்னார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவ்வளவு கடுகடுத்திருக்க மாட்டேன்.

சாவு வீட்டில் அவர் மனைவி ராசம்மா என்னைக் கண்டதும் உடைந்துவிட்டார். "கண்ணு முழிச்சதும் வெளிய மழையான்னு கேட்டாங்கண்ணே. ஆமான்னேன். 'கந்தப்பளைக்குப் போகணும், சட்டைய எடு'ன்னாங்க. எடுத்துக்கிட்டு வர்றதுக்குள்ள..." நான் வெளியே வந்துவிட்டேன்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது ஒரு முதலாளி என் தோளைத் தொட்டார். "அவருதான் போயிட்டாரே. நீங்க தொடங்குங்க, நாங்க முதல் போடுறோம்" என்றார். ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும், "ஒரு நாள் பொறுங்க" என்றேன்.

மறுநாளும் மழை விடவில்லை. பெட்டியில் கொழுந்தை நிரப்பி, பட்டறையில் என்னோடு வேலை செய்பவரிடம் ஓட்டச் சொல்லிவிட்டு, நான் வெளியே போய்த் தாழ்வாரத்தில் நின்றேன். செய்தவர் நிற்க வேண்டிய இடம் அதுதானே. சாயங்காலம் அவர் உள்ளே கூப்பிட்டார். கதிரேசன் செய்வதைப் போலவே ஒரு கைப்பிடி அள்ளி, இறுக்கிப் பிடித்துத் திறந்தேன். உருண்டை பொலபொலவென்று உதிர்ந்தது.

முதலாளிமாருக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். காற்றைச் சூடாக்கி அனுப்ப வழி பார்க்க வேண்டும். இன்னும் எத்தனை மழை தேவைப்படுமோ தெரியாது. அதுவரை பட்டறையும் வீடும் எனக்கு இருக்கின்றன.

போய் வாருங்கள், தம்பி. நான் உங்களைத் திட்டிக்கொண்டே இங்கேயேதான் இருக்கிறேன்.