விரல் வைத்த இடம்

கூரியர்காரர் நீட்டிய சீட்டை வாங்கி, முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை உதடு அசையப் படிக்கிறார் வணிகச் சட்டப் பேராசிரியர். “வெறும் புத்தகப் பார்சல்தான் சார், போட்டுக் குடுங்க” என்று கூரியர்காரர் கெஞ்சுகிறார். “இருங்கப்பா. படிக்காம போட்ட கையெழுத்து போட்டவன் தலையிலதான் விடியும்.” வெளியே வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது. இவர் காதில் போட்டுக்கொண்டால்தானே!

மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் ‘படிச்சுட்டுப் போடு’. வருகைத் தாளுக்குக்கூட அதைச் சொல்லித்தான் பேனாவைத் தருவார். ஒப்பந்தத்துக்குச் சம்மதம் எப்படி இருக்க வேண்டும் என்று பாடம் எடுத்தால் வகுப்பில் ஒருவரும் தூங்க மாட்டார்கள். மிரட்டி வாங்கும் சம்மதத்துக்கு டஸ்டரே கத்தியாகும். ஏமாற்றி வாங்குவதற்கு, ஓட்டை ஸ்கூட்டருக்குப் பெயின்ட் அடித்து விற்றவன் கதை, கைதட்டல் விழும். நடுவில் ஒரு பக்கம் இருக்கிறது: நம்மை முழுதாக நம்புகிறவரிடம், அந்த நம்பிக்கையை வைத்தே சம்மதம் வாங்குவது. அங்கே வந்ததும் குரல் இறங்கிவிடும். “இதை வீட்டுல பாத்துக்கோங்க. பரீட்சைக்கு வராது.” பரீட்சையில் அது வருடம் தவறாமல் வருகிறது.

காரணம் அவருக்கு மட்டும் தெரியும். பன்னிரண்டு வருடத்துக்கு முன், அப்பா இறந்த மறுமாதம், தங்கை முன் ஒரு பத்திரத்தை விரித்தார். “வரி ரசீதுல பேர் மாத்தணும், அவ்வளவுதான்” என்றார். அது, வீட்டில் அவளுக்கிருந்த பாதியை அண்ணனுக்கே விட்டுக்கொடுக்கும் பத்திரம். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துக்குப் பக்கம் இவர் விரல் வைத்த இடத்தில் அவள் மளமளவென்று கையெழுத்துப் போட்டாள். மறுநாள் பதிவு அலுவலகத்திலும் அப்படியே. அன்றிலிருந்து ஐந்து வாடகை வீடு மாறிவிட்டாள். “அண்ணன் வீடு இருக்கு, எனக்கென்ன கவலை?” என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்கிறாள். கேட்கும்போதெல்லாம், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இவருக்கு நாக்கு நுனி வரை வரும், விழுங்கிவிடுவார்.

இந்த வருடம் தங்கை மகள் இவர் வகுப்பிலேயே சேர்ந்திருக்கிறாள். போன வாரம் அந்தப் பக்கத்தை இவர் தாண்டியபோது எழுந்து நின்றாள். “சார், அப்படி வாங்கின கையெழுத்தை ரத்து பண்ண முடியுமா?”

“முடியும்” என்றார், கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு.

நேற்று தன் மகளின் கல்லூரிச் சுற்றுலா அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போட, தங்கை இவருடைய அறைக்கு வந்தாள்.

“படிச்சுட்டுப் போடும்மா.”

அவள் சிரித்தாள். “நீ குடுக்கிறதை நான் என்னத்தைப் படிக்கிறது? எங்கே போடணும்னு விரலை வைண்ணே.”

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் வலது கையை மெல்ல மேசைக்கடியில் இழுத்து, விரல்களை இறுக மூடிக்கொண்டார்.