திருமுக்கூடல் பாலத்தில் ஒரு ஜப்பான் பாட்டு

போன செவ்வாய்க்கிழமை உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் வாலாஜாபாத் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற காலேஜ் பெண்ணின் போன் ஒரு பாட்டோடு அடித்தது. அவள் பைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்க, என் வாய் தன்பாட்டுக்கு அந்தப் பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டது. போன் நின்றபிறகும் நான் நிறுத்தவில்லை. மிச்சத்தையும் பாடி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

"அக்கா, இது ஜப்பான் பாட்டாச்சே! நீங்க அனிமே கார்ட்டூன் பாப்பீங்களா?"

அனிமேயாவது ஒன்றாவது! எங்கள் வீட்டில் சீரியல் பார்க்கவே ரிமோட்டுக்கு அடிதடி. "வேலை செய்ற எடத்துல கத்துக்கினேன்" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கையில் ரேஷன் பையும் காலில் தேய்ந்த செருப்புமாக நிற்கிறவளுக்கு ஜப்பான்காரன் என்ன வேலை கொடுத்திருப்பான் என்று யோசித்திருப்பாள், பாவம்.

கொடுத்தானே! ஒரகடம் பக்கத்தில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனி. பன்னிரண்டாவது முடித்த கையோடு சேர்ந்தேன். விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ் வந்துவிடும். அதற்குள் ஏறினால் மல்லிகைப்பூ, பவுடர், டிபன் டப்பாவில் எலுமிச்சை சாதம், எல்லாவற்றுக்கும் மேலே டீசல். இன்றைக்கும் எங்காவது எலுமிச்சை சாதத்தைத் திறந்தால் எனக்குத் தூக்கம்தான் வருகிறது. நாற்பது பெண்கள், ஓட்டுவதற்கு முனுசாமி அண்ணன்.

வேலை சொல்லிக் கொடுக்க ஜப்பானிலிருந்து சாயூரி என்று ஒருத்தி வந்திருந்தாள். எங்களைவிட மூன்று நான்கு வயதுதான் கூட. அவளுக்கு அரைகுறை இங்கிலீஷ், எங்களுக்குக் கால்குறை. மிச்சத்தைக் கை பேசும். கேன்டீனில் அவள் போனில் எந்நேரமும் பாட்டு. எல்லாம் அவர்கள் ஊர்ப் பெண்கள் பாடுவது. பள்ளிக்கூடத்தை விட்டுப் போவது, ஊரைவிட்டு ரயில் ஏறுவது, அம்மாவிடம் கோபித்துக்கொண்டு பிறகு அழுவது. அதில் ஒன்றுதான் இந்தப் பாட்டு. இன்றோடு எனக்கு இருபது, இனி நான் பெரியவள், என் வழியை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருத்தி பாடுகிறாளாம். அவர்கள் நாட்டில் இருபது வயதைப் பெரிய விழாவாகக் கொண்டாடுவார்களாம்.

என் பக்கத்து இருக்கைக்காரி கோமதி சும்மா இருப்பாளா? "இருபதா? எனக்கெல்லாம் பதிமூணுலயே ஓலை கட்டி, பேனர் வெச்சி, மைக் செட்டு போட்டு ஊருக்கே சொல்ட்டாங்க, பெரிய மனுஷின்னு" என்றாள். போனில் இருந்த மஞ்சள் நீராட்டு போட்டோவையும் காட்டினாள். சாயூரி அதை வெகுநேரம் பார்த்தாள். நகை, மாலை, சீர்வரிசைத் தட்டு எல்லாவற்றையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அன்றைக்கு நீ என்ன முடிவு செய்தாய் என்று கேட்டாள்.

கோமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முடிவா? அன்னிக்கு என் தலையில தண்ணிகூட அடுத்தவங்கதான் ஊத்துனாங்க" என்றாள். சிரித்தாளே ஒழிய, அன்று சாயங்காலம் பஸ்ஸில் அந்தப் பாட்டைத் தன் போனில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

மறுவாரமே கோமதி பஸ்ஸில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்துவிட்டாள். யாருக்கு இருபது முடிகிறதோ, அவள் அன்று எல்லோருக்கும் முன்னால் எழுந்து நிற்க வேண்டும். பஸ் திருமுக்கூடலில் பாலாற்றுப் பாலத்தில் ஏறியதும் முனுசாமி அண்ணன் இந்தப் பாட்டைப் போடுவார். பாலம் முடிவதற்குள் அவள் தானாக எடுத்த முடிவு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொன்னபிறகு மாற்றக் கூடாது. வீட்டில் தகராறு என்றால் மொத்தக் கூட்டமும் போய் நின்று பேசும். ஒரு தடவைக்கு ஒருத்திதான். ஒருத்தி முடியை வெட்டிக்கொள்ளப் போகிறேன் என்றாள், வெட்டிக்கொண்டாள். ஒருத்தி ஸ்கூட்டர் கற்றுக்கொண்டு முதல் நாளே வாய்க்காலில் விட்டாள். திக்கித் திணறுகிறவளுக்காக முனுசாமி அண்ணன் வண்டியை ஊர்வலம் மாதிரி ஓட்டுவார். பின்னால் லாரிக்காரன் ஆரன் அடித்தால், "இருடா, புள்ள பேசுது" என்று ஜன்னல் வழியாகச் சத்தம் போடுவார்.

எனக்கும் கோமதிக்கும் ஒரே நாளில் இருபது. அதிசயமெல்லாம் ஒன்றுமில்லை. பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் குத்துமதிப்பாக எழுதிய ஜூன் தேதி அது. அந்த ஜூனில்தான் மூன்று மாதப் பயிற்சிக்கு ஜப்பான் போக சாயூரி என் பெயரை எழுதியிருந்தாள். அப்பா கேட்ட மாத்திரத்தில் "பொட்டப் புள்ளய சப்பானுக்கு அனுப்பிட்டு ஊர்ல இன்னா பதில் சொல்றது?" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். பெண் பார்க்க வேறு ஆள் வருவதாக இருந்தது. நான் போறேன் என்று பாலத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், நாற்பது பேரும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். மூன்று நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

காலையில் என் முறை. பாட்டு ஆரம்பித்தது. எழுந்து நின்றேன். வண்டி மெதுவாகி, இன்னும் மெதுவாகி, கிட்டத்தட்ட நின்றேவிட்டது. "சொல்லுடி, சொல்லுடி" என்று கோமதி என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். பாலத்தின் கைப்பிடிச் சுவர் முடிகிற இடம் தெரிந்தது.

"எனக்கு ஜன்னல் சீட்டு வேணும்" என்றேன்.

பஸ்ஸே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். கோமதி மட்டும் சிரிக்கவில்லை. சாயங்காலம் திரும்பும்போது அவள் முறை. பாலம் ஏறியவுடனே, "இவ போலன்னா சப்பானுக்கு நான் போறேன்" என்று பட்டென்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். சரி என்று தலையாட்டினேன். பொறாமையாக இல்லையா என்றால், வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன்?

மறுநாள் எல்லோரும் அவள் வீட்டுக்குப் போனோம். அவள் அம்மா, "என் பொண்ணு எங்கியும் போவாது" என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றார். அன்று அதிகம் பேசியது நான்தான். அப்பாவிடம் சொல்ல ஒத்திகை பார்த்து வைத்திருந்ததையெல்லாம் ஒரு வார்த்தை மிச்சம் வைக்காமல் அங்கே கொட்டினேன். கடைசியில் அந்த அம்மா, "நீ இவ்ளோ கெட்டியா பேசுறியே, உன் வூட்ல பேசலியா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு வாசலை விட்டு விலகி நின்றார். கோமதி ஜப்பான் போனாள்.

கல்யாணமாகி வேலையை விடும்வரை எட்டு மாதம் என் ஜன்னல் சீட்டில் வேறு யாரும் உட்காரவில்லை. எவ்வளவு கூட்டமானாலும், தூங்கி விழுகிறவள்கூட அதைத் தொடமாட்டாள். சொன்னது சொன்னதுதானே.

இப்போது அந்த பஸ் இல்லை. கம்பெனிப் பெண்கள் அங்கேயே ஹாஸ்டலில் தங்கிவிடுகிறார்கள். முனுசாமி அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார். கோமதி எப்போதாவது போன் செய்வாள், பாட்டைப் பற்றி இரண்டு பேருமே பேச மாட்டோம். செவ்வாய்க்கிழமை வந்த பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டே கிடைத்தது. திருமுக்கூடல் பாலம் வந்ததும் பாட்டை மனதுக்குள் ஆரம்பித்தேன். இரண்டு வரி போவதற்குள் பாலம் முடிந்துவிட்டது. டிரைவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்கு நேரத்துக்குப் போக வேண்டும். நான் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று வண்டியை மெதுவாக ஓட்டியவர் என் வாழ்க்கையில் அந்த ஒரு மனிதர்தான்.