நிற்கலாம் என்று சொன்ன எங்கள் அம்மன்

"எனக்கு நீ சொல்லும்மா. போகவா, வேண்டாமா?" என்று என் மகள் கயல்விழி போனில் கேட்டாள். கடையில் கத்தரிக்காய் விலை கேட்கக்கூட என் வீட்டுக்காரரை முன்னால் விடுகிறவள் நான். என்னிடம் போய் இதைக் கேட்கிறாளே என்று திகைத்துப் போனேன்.

அம்மனின் பிள்ளைகளே, ஆடித் திருவிழாவில் இதை மைக்கில் சொல்லும்படி பூசாரி அண்ணன் சொன்னார். நாலு பேர் முன்னால் நின்றாலே எனக்கு வாய் கட்டிவிடும். அதனால் எழுதித் தருகிறேன். தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கயல் கார் பந்தயத்தில் ஓட்டுகிறவள். போன தை மாதம் கோவைப் பக்கம் பயிற்சியில் அவள் கார் சுவரில் மோதித் தோள் எலும்பு முறிந்தது. சித்திரைக்குள் எலும்பு கூடிவிட்டது. ஆனால் காரில் உட்கார்ந்தாலே கை நடுங்குகிறது என்றாள். அந்த நேரம் பார்த்து மலேசியாவில் நடக்கும் நெடுநேரப் பந்தயத்துக்கு ஒரு குழு அவளைக் கூப்பிட்டது. ஒரே காரை மூன்று பேர் மாற்றி மாற்றி நாள் முழுக்க ஓட்டவேண்டும். ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் நாம் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதைப் போல என்று சொல்லித்தான் எனக்குப் புரியவைத்தாள். சின்ன வயதிலிருந்து அவள் ஆசைப்பட்டது இதற்குத்தான். போனால் உயிர்ப் பயம். போகாவிட்டால் இனி யாரும் கூப்பிட மாட்டார்கள்.

அவள் வண்டி ஓட்டத் தொடங்கிய கதையைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

என் மாமனார் திருத்துறைப்பூண்டிப் பக்கம் பண்ணையாளாக இருந்தவர். போராட்டமெல்லாம் நடந்து, நில உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்த நிலத்தில் அரசாங்கம் அவருக்குப் பட்டா கொடுத்தது. வயலை ஒட்டிய நெற்களம் மட்டும் பட்டாவில் சேரவில்லை. களம் தங்களுக்குச் சொந்தம் என்று, நிலத்தின் பழைய உடைமைக்காரரான மிராசு வீட்டு வாரிசுகள் தாவா வழக்குப் போட்டார்கள். ஆட்சி மாறும், தாசில்தார் மாறுவார், தாவா மட்டும் அப்படியே இருக்கும். இடம் யார் அனுபவத்தில், அதாவது யார் புழக்கத்தில், இருக்கிறதோ அவர்களுக்குத்தான் பலம் என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

அறுப்புக் காலத்தில் களத்தில் நெல் காயும். மற்ற மாதங்களில்? என் வீட்டுக்காரர் செல்வராசு டிராக்டர் மெக்கானிக். இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து, பழைய ஸ்கூட்டர் இன்ஜினை ஏற்றி, நாலு சின்னச் சக்கரம் மாட்டி ஒரு வண்டி செய்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கயல் அதில் களத்தைச் சுற்ற வேண்டும். அதுதான் எங்கள் அனுபவம்! ஊரார் சிரித்தார்கள். இவர் கேட்கவில்லை.

ஒருநாள் மிராசு வீட்டு ஆட்கள் வந்து களத்தின் நடுவில் நின்றார்கள்.

"செல்வராசு, புள்ளைய எறக்குய்யா. களம் என்ன உங்கப்பன் வீட்டு ரோடா?"

"எங்கப்பன் நெல்லு தூத்துன எடம்யா. வேற யாரு வீட்டு ரோடு?" என்றவர், மகளைப் பார்த்துக் கத்தினார். "நிக்காத கயலு! ஓட்டு!"

அவள் நிற்கவில்லை. அவர்களை உரசாமல் வளைத்து வளைத்து ஓட்டினாள். அவர்கள்தான் ஒதுங்கினார்கள். உர மூட்டை இறக்க வந்திருந்த லாரி டிரைவர் அதைப் பார்த்துவிட்டு, "யோவ், கோயமுத்தூர்ல இதுக்குக் கப்பு குடுக்குறாங்கய்யா. அங்க கூட்டிட்டுப் போ" என்றார்.

அப்படிப் போனவள்தான். முதலில் இதே மாதிரிச் சின்ன வண்டியில் ஓட்டும் கார்ட்டிங், பிறகு ஒற்றை ஆள் உட்காரும் பார்முலா வண்டி, பிறகு பெரிய கார். எங்கே ஓட்டினாலும் அவள் அப்பா போனில் சொல்வது ஒன்றுதான். "நிக்காத."

ஆனால் அந்த மோதலுக்குப் பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதனால்தான் கயல் என்னிடம் கேட்டாள்.

நான் அம்மனிடம் பூப்போட்டுப் பார்க்க முடிவு செய்தேன். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, ஒன்றில் சிவப்பு அரளி வைத்து, பிரிக்காமல் ஒன்றை எடுக்கவேண்டும். வெள்ளை வந்தால் போகட்டும், சிவப்பு வந்தால் வேண்டாம். என் வீட்டுக்காரர் சாமி இல்லை என்கிற கட்சிக்காரர். மகளுக்குப் பேரே கட்சி மேடையில்தான் வைத்தார். கோயிலுக்குள் கால் வைக்க மாட்டார்.

"கார் ரேஸுக்கு அரளிப்பூதான் தீர்ப்பு சொல்லணுமா?" என்று கேலி செய்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அவரே பூப் பறித்து வாழையிலையில் இரண்டு பொட்டலம் கட்டித் தந்தார். பைக்கில் கொண்டுவந்தும் விட்டார். எனக்கு ஒரே ஆச்சரியம்.

சந்நிதியில் ஒரு சின்னப் பெண்குழந்தை பொட்டலம் எடுத்தாள். சிவப்பு. பிள்ளை பிழைத்தாள் என்று ஒரு நிம்மதி. அவள் ஆசை போயிற்றே என்று ஒரு துக்கம். பூசாரி அண்ணன் மற்றப் பொட்டலத்துப் பூவையும் அம்மன் காலடியில் போடப் பிரித்தார். அதிலும் சிவப்பு!

"என்ன தங்கச்சி இது?" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். வாசலில் பைக்கைப் பிடித்தபடி இவர் தலைகுனிந்து நின்றார். வெளியே ஓடினேன்.

"என்னங்க, நீங்களா?"

"ஆமா."

"நிக்காத நிக்காதன்னு சொன்னவரே நீங்கதானே?"

"அதான் வசந்தா. அந்த வாயால நில்லுன்னு எப்படிச் சொல்றது? உங்க ஆத்தா சொன்னதா இருக்கட்டும்னு பாத்தேன்."

பின்னாலேயே வந்த பூசாரி அண்ணன் சிரித்துவிட்டார். "சாமியே இல்லங்கிறவரு சாமி பேருல கள்ளக் கையெழுத்துப் போடுறீங்களே மாப்ள!"

எனக்குச் சிரிக்கவா, கோபப்படவா என்று தெரியவில்லை. அம்மன் இப்போது சொன்னது என்ன? பூ இவர் கட்டியது. அந்தக் கையும் அவள் கொடுத்ததுதானே? அப்படியென்றால் வேண்டாம் என்பதா? உள்ளே போய் உட்கார்ந்து அழுதேன். "தாயே, எனக்கு ஒண்ணும் புரியல. எம் புள்ளைகிட்ட என்ன சொல்லணுமோ, அத என் வாயில வை" என்று மட்டும் கேட்டேன்.

குரல் கேட்கவில்லை. விளக்குகூட அசையவில்லை. குழம்பியபடியே வீட்டுக்கு வந்து, கயலுக்குப் போன் போட்டு நடந்ததை அப்படியே சொன்னேன். பிறகு சிரித்தாள். அடிபட்ட பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான். "அப்பாவுக்கா? அப்பாவுக்கா பயம்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அப்புறம் அழுதாள்.

அப்போதுதான் நான் யோசித்தே இராத வார்த்தை என் வாயில் வந்தது.

"போறதுன்னா போ கண்ணு. ஆனா பயமா இருந்தா நிறுத்திடு. யாரு என்ன சொன்னாலும் நிறுத்திடு. நாங்க ஒண்ணும் நெனைக்க மாட்டோம். நீ நின்னா நம்ம களம் எங்கயும் போயிடாது."

இவர் போனை வாங்கி, "எனக்கும் அதான்" என்றார். சொல்லிவிட்டுப் போனை என் கையிலேயே கொடுத்தார்.

கயல் போனாள்.

பந்தயத்தை இங்கே போனில் பார்த்தோம். எதை வேண்டுவது என்றே எனக்குத் தெரியவில்லை. ஜெயிக்க வை என்றால் மற்றப் பிள்ளைகளின் தாய்மார் என்ன செய்வார்கள்? கயலின் முறை வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. படத்தில் வெறும் தண்ணீர்தான் தெரிந்தது. திடீரென்று ஒரு வளைவில் கார்கள் வழுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக மோதிக் கிடந்தன. இவர் எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கு "தாயே" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

அந்தக் குவியலில் அவள் கார் இல்லை.

நடந்ததைப் பிறகு அவளே சொன்னாள். "இன்னும் ஒரு சுத்து ஓட்டுன்னு குழுவுலேருந்து ரேடியோவுல சொன்னாங்கம்மா. முன்னாடி ஒண்ணுமே தெரியல. பழைய கயலா இருந்தா ஓட்டியிருப்பேன். நீ சொன்னது ஞாபகம் வந்துச்சு. டயர் மாத்துற எடத்துக்கு உள்ள வர்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்." அவள் காருக்கு மழை டயர் மாற்றிக்கொண்டிருந்தபோதுதான் வெளியே அந்த மோதல் நடந்தது. சொன்னதைக் கேட்கவில்லையே என்று கோபத்தோடு வந்த குழுத் தலைவர், அந்த மோதலைப் பார்த்துவிட்டு அவள் ஹெல்மெட்டைத் தட்டிக்கொடுத்தாராம். காரை ஒரு கீறல் இல்லாமல் அடுத்தவர் கையில் கொடுத்தாள். மூன்றாவது இடம் கிடைத்தது. கை நடுக்கமும் இப்போது இல்லை. அதே குழுவில் தொடர்ந்து ஓட்டுகிறாள்.

அம்மனுக்கு எப்படி நன்றி சொல்வேன்! ஆனாலும் எனக்கு இன்னும் குழப்பம்தான். போ என்றாளா, வேண்டாம் என்றாளா? நான் கேட்டது இரண்டில் ஒன்று. அவள் தந்தது இரண்டிலும் சேராத ஒன்று. தாவா இன்னும் நடக்கிறது. இவர் இப்போதெல்லாம் மகளிடம் "நிக்காத" என்பதில்லை. அதற்குப் பதிலாக, "சாப்பிட்டியா?" என்கிறார்.

உங்களுக்கும் வழி தெரியாமல் போனால், தெரியவில்லை என்றே அவளிடம் சொல்லுங்கள். அழகாகக் கேட்கத் தெரியவேண்டியதில்லை. உள்ளே உட்கார்ந்து அழுத என் அழுகையை மட்டுமா அம்மன் கேட்டாள்? வாசலில் பைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவரின் மனதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.