பொட்டு வைக்காத கவராயம்

எங்கள் தெருவுக்கு வாரம் ஒருமுறை பழைய இரும்புக்காரரின் லோடு ஆட்டோ வரும். "பழைய இரும்பு, பித்தளை, பிளாஸ்டிக், பேட்டரி..." என்று ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரல் முனை திரும்பும்போதே கேட்டுவிடும். அதைக் கேட்டதும் அடுப்பைக் குறைத்துவிட்டு வாசலுக்கு ஓடுகிற மருமகள் பழனிசெட்டிபட்டியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நான் பழைய ஸ்கேல்களும் வரைபடக் கருவிகளும் சேர்ப்பவள். முதல் ஸ்கேல் அந்த ஆட்டோவில்தான் வந்தது. காலி பெயிண்ட் டப்பாக்களைப் போடலாம் என்று நின்றிருந்தேன். உடைந்த ஃபேன் இறக்கைகளுக்கு நடுவில் ஒரு மர ஸ்கேல் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. கேட் பூட்டியிருந்ததால் கம்பிக்கு வெளியே கையை நீட்டித்தான் அதை வாங்கினேன். எந்தக் காலத்துப் பிள்ளையோ, ஒரு ஓரம் முழுக்கக் கடித்து வைத்திருந்தது. பல் தடம் அப்படியே இருந்தது.

"இத வச்சு என்னக்கா செய்யப் போறீக?" என்றார் அவர்.

"கோடு போடத்தான்."

"டப்பாவுக்கு ஈடா வச்சுக்கங்க."

அன்றிலிருந்து எங்களுக்குள் பண்டமாற்று. எங்களுடையது ஹார்டுவேர் கடை நடத்துகிற குடும்பம், காலி டப்பாவுக்குப் பஞ்சமே இல்லை. "ஓட்ட டப்பாவக் குடுத்து ஒடஞ்ச ஸ்கேல வாங்குறா. யாவாரி வீட்டு மருமகள்னா இப்படியில்ல இருக்கணும்" என்று மாமனார் சாப்பிடும்போது சிரிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

அவர்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. ஸ்கேல் எனக்குப் புதிதல்ல. சிவில் டிப்ளமா படித்தவள் நான். வரைபடத் தேர்வில் என் தாளை மற்றவர்களுக்கு எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். கடைசித் தேர்வு முடிந்த கையோடு கல்யாணம். டிப்ளமா படித்தது அவர்களுக்குத் தெரியும். அது எனக்கு என்னவாக இருந்தது என்பதுதான் தெரியாது. பெண் பார்க்க வந்தபோது படிப்பும் நகையைப் போல ஒரு சீர்தான். கொண்டுவந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட வேண்டியது.

கெட்டவர்கள் என்றால் சண்டை போட்டாவது ஆறியிருப்பேன். இவர்கள் நல்லவர்கள். அத்தைக்குத் திருடன் பயம், தெருநாய் பயம். ஆண்கள் கடைக்குப் போனதும் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். கேட்டால் தருவார், எங்கே, எதற்கு, எப்போது வருவாய் என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு. மூன்றுக்கும் பதில் சொல்வதற்குள் எனக்குப் போகிற ஆசையே போய்விடும். எனக்கு மூச்சு முட்டியது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

இரும்புக்காரர் கில்லாடி. எந்த ஊரில் எந்த வீட்டைக் காலி செய்தாலும் எனக்கென்று தேடினார். கோம்பையில் ஒரு வாத்தியார் வீட்டிலிருந்து மூலைமட்டங்கள் வந்தன. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துப் பங்களா ஒன்றைப் பிரித்தபோது ஒரு கறுப்புப் பெட்டி வந்தது. திறந்தால் நீல வெல்வெட்டில் ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் பள்ளம். பெரிய கவராயம், சின்னக் கவராயம், மை நிரப்பிக் கோடு இழுக்கிற பேனா, ஒரு பித்தளைப் பாகைமானி. அன்றைக்குச் சாம்பாரில் உப்புப் போட மறந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அத்தை குத்துவிளக்குத் துலக்கும்போது, பாகைமானியையும் சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துவிட்டார். "பாருத்தா, தங்கமாட்டம் ஆக்கிட்டேன்" என்று பெருமையோடு நீட்டினார். தங்கம்தான். கோடுகளுக்குள் நிரப்பியிருந்த கறுப்பு மை முழுக்கப் போய்விட்டது. ஒரு எண்கூடத் தெரியவில்லை. நான் அழுததைப் பார்த்து அவருக்கும் கண் கலங்கிவிட்டது. அவரிடம் எப்படிக் கோபப்படுவது?

இனி யார் கையும் படக்கூடாது என்று என் கணவர் அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் வைத்து ஒரு ஷோகேஸ் செய்துகொடுத்தார். உள்ளே விளக்கு, வெளியே சின்னப் பூட்டு. ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். உண்மையைச் சொல்கிறேன், பூரித்துப்போனேன். வருகிறவர்களிடமெல்லாம் அத்தை அதைக் காட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் கூடப் படித்த தோழி போன் செய்தாள். தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வீட்டு பிளான் போட்டுக்கொடுக்கும் ஆபீஸ் வைத்திருக்கிறாள். "கம்ப்யூட்டர்ல வரையறதுக்குப் பிள்ளைக இருக்காக. பழைய வீட்டுக்குள்ள போயி அளந்து, கையால வரஞ்சு எடுத்துட்டு வர ஆளில்ல. நீ வா" என்றாள். இரவெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு, காலையில் காபி கொடுக்கும்போது கணவரிடம் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. ஷோகேஸைத் திரும்பிப் பார்த்தார். "அதான் இவ்வளவு செலவழிச்சு செஞ்சு குடுத்திருக்கேன்ல? பொழுது போகலையா உனக்கு?" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் ஆசை ஆசையாகச் சேர்த்த ஒவ்வொரு ஸ்கேலும் என்னை உள்ளேயே இருக்க வைக்கத்தான் உதவியிருக்கிறது. என் பேரில் எனக்கே ஆத்திரம் வந்தது.

ஆயுத பூஜை வந்தது. கடைத் தராசு, டிரில்லிங் மெஷின், பைக், அரிவாள்மனை, மிக்ஸி என்று வரிசையாக அத்தை சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தார். ஷோகேஸுக்கு முன்னால் வந்தபோது கிண்ணத்தோடு அப்படியே தாண்டிப் போனார்.

"இதுகளுக்கு இல்லையா அத்தை?"

"வேல பாக்குற சாமானுக்குத்தானத்தா பொட்டு. இது சும்மா இருக்குறதுதான?"

சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. பூட்டைத் திறந்து, கறுப்புப் பெட்டியை எடுத்துவந்து பொரிகடலைக்குப் பக்கத்தில் வைத்து, நானே பொட்டு வைத்தேன்.

அத்தை பதறிவிட்டார். "பூசையில வச்சா நாளைக்கு எடுத்து வேல பாக்கணும். இல்லன்னா குத்தமாயிரும், பாத்துக்க."

"பாக்குறேன்."

மறுநாள் விஜயதசமி. கடைக்குப் போய் ஆண்கள் ஒரு ஆணியாவது விற்று வர வேண்டும். நான் டேப்பை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டையே அளந்தேன். சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து, பல் தடம் பதிந்த ஸ்கேலை வைத்துக் கோடு போட்டேன். முதல் கோடு கோணியது, பிறகு கை தன்னால் பழகிக்கொண்டது. சமையலறை, பூஜை அறை, ஹால், கேட். இத்தனை வருஷம் நான் நடந்த தூரமெல்லாம் ஒரு அடி ஸ்கேலுக்குள் அடங்கிவிட்டது.

அத்தை குனிந்து பார்த்தார். "இது என்னத்தா, பிறையாட்டம் அங்கனங்கன?"

"கதவு எந்தப் பக்கம் திறக்கும்னு காட்டுறது அத்தை."

அவர் கேட்டின் பிறையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

சாயங்காலம் மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். கணவர் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார். இரண்டு நாளில் தேக்குச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து, ஷோகேஸின் நடுத்தட்டில் நிறுத்தி, விளக்கைப் போட்டு, பூட்டினார். "எப்படி?" என்று என் முகத்தைப் பார்த்தார். அவ்வளவு சந்தோஷம் அவர் முகத்தில். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அந்த வாரம் இரும்புக்காரர் வந்தபோது ஷோகேஸைக் காலி செய்தேன். ஸ்கேல்கள், பெட்டி, படம் எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசைக்கு மாற்றிவிட்டு, அத்தையிடம் போய் நின்றேன்.

"கேட் சாவி குடுங்க அத்தை."

"எதுக்கு?"

"வேல பாக்குற சாமான் வெளிய இருக்கட்டும். சும்மா இருக்குறதப் போட்டுருவோம்."

அத்தை ஷோகேஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மற்ற இரண்டு கேள்விகளையும் கேட்கவில்லை. சாவியை உருவிக் கையில் வைத்தார்.

இரும்புக்காரரும் நானும் அதைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினோம். "நல்ல அலுமினியமாச்சேக்கா. இதுக்கு ஈடா என்ன தாரது? இன்னைக்கு ஸ்கேல் ஒண்ணும் இல்லையே" என்று தலையைச் சொறிந்தார்.

"தேனி பஸ் ஸ்டாண்டு வழியாத்தான போவீக? என்னைய அங்கன இறக்கி விட்டுருங்க."

கறுப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பழைய பேட்டரிகளுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஒலிபெருக்கி என் தலைக்கு மேலே கத்தத் தொடங்கியது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

அத்தை வாசலுக்கு ஓடிவந்தார். "ஏத்தா, எறங்குத்தா! யாவாரி வீட்டு மருமக போற வண்டியா இது? ஊரு சிரிக்கும். எறங்கி, பஸ்ல போ!"

இறங்கினேன். வேலைக்குப் போகலாம் என்று அந்த வீட்டில் யாரும் எனக்குச் சொன்னதில்லை, இன்றுவரை. பஸ்ஸில் போ என்று மட்டும்தான் சொன்னார்கள். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தினமும் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறேன்.