செல்வராசுவுக்கு நான் பார்த்த பொருத்தம்

இந்த நாட்டில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே எதையும் சொல்லிவிடலாம். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் நான் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாளின் மகன் டேவிட்டுக்கு இருபத்திரண்டு வயது. 1986 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைச் சாப்பாட்டின்போது, "அம்மா, நான் ஒரு 'கே', ஆண்களை விரும்புகிறவன். பீட்டரும் நானும் சேர்ந்து வாழப்போகிறோம்" என்றான். அம்மாள் அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, பீட்டர் முட்டை சாப்பிடுவானா என்று கேட்டார். அவருடைய அண்ணன் ஆர்தர் அறுபதைத் தாண்டியவர், மணமாகாதவர். "என் காலத்தில் இதற்கு ஜெயில்" என்று மட்டும் சொல்லி எழுந்து போனார். போகிற போக்கில் டேவிட்டின் தோளை ஒருமுறை தொட்டதை நான் கவனித்தேன்.

டேவிட் என் பக்கம் திரும்பினான். "உங்கள் ஊரில் எப்படி?"

"எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்கள் கிடையாது."

நான் அருவருப்பதாக நினைத்து அவன் மன்னிப்புக் கேட்டான். முப்பத்தெட்டு வயதான நான் அதையும் வாங்கிக்கொண்டேன்.

நான் தேதி பிசகாமல் டைரி எழுதுகிறவன். பெரம்பலூர் தாலுகா ஆபீசில் எழுத்தராக இருந்த காலத்து டைரிகளில் மழை பெய்த நாள், பஸ் தாமதமான நாள் எல்லாம் உண்டு. 'அரியலூர் நண்பர் வந்தார்' என்று பல இடங்களில் இருக்கும். அதற்குமேல் ஒரு சொல் கிடையாது. அந்த நண்பன் குரும்பலூர்க்காரன், அரியலூரில் ஃபிட்டர். செல்வராசு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைத்தான் மாற்றியிருக்கிறேன், ஊர்களை மாற்ற மனமில்லை. நாங்கள் கடைத்தெருவில் விரல் கோத்து நடந்திருக்கிறோம். யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. லெஸ்டரில் அப்படி நடந்தால் வசை விழும். டேவிட்டுக்குத் தன்னைக் குறிக்கும் சொல் முதலில் கிடைத்தது, பீட்டர் பிறகு வந்தான். எனக்குச் செல்வராசு முதலில் வந்தான். சொல்லைத் திருச்சி நூலகத்தில் ஓர் ஆங்கில மருத்துவ நூலில், நோய்களின் வரிசையில் கண்டேன்.

பொழுதுபோக்காக ஜாதகமும் பார்ப்பேன். 1977 ஆவணியில் செல்வராசுவின் அப்பா ஒரு பெண்ணின் ஜாதகத்தோடு என் அறைக்கு வருவதாக இருந்தது. முந்தின நாள் அவன் வந்தான்.

"பொருத்தம் இல்லேன்னு சொல்லிடுடா. எங்க வூட்ல நீ சொன்னாத்தான் எடுபடும்."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"உன் பஞ்சாங்கம் ஒண்ணும் கோவிச்சுக்காது. நான் அந்தப் பொண்ணைக் கட்டிக்கிட்டு என்னடா பண்ணப் போறேன்?"

மறுநாள் அவன் அப்பாவை எதிரே உட்காரவைத்துக் கட்டங்களைப் பார்த்தேன். பொய்க்குத் தேவையே இருக்கவில்லை. இரண்டு நட்சத்திரமும் ஒரே ரஜ்ஜு; அப்படியிருந்தால் ரஜ்ஜுப் பொருத்தம் இல்லை, தாலி நிலைக்காது என்பார்கள். மற்றப் பொருத்தங்கள் எல்லாம் இருந்தாலும், ரஜ்ஜு தட்டினால் எங்கள் பக்கத்தில் பேச்சை அதோடு விட்டுவிடுவார்கள். உண்மையைச் சொன்னால் போதும். வாயைத் திறக்கப்போனேன்.

"ஏந்தம்பி, நீங்களும் கட்டிக்கலை, அவனும் மாட்டேங்கிறான். ரெண்டு பேரும் பேசி வச்சிருக்கீங்களா?" என்று பெரியவர் சிரித்தார்.

விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்கு அந்த மருத்துவ நூலின் பக்கம் கண்முன் வந்தது.

"எல்லாம் நல்லாருக்குங்க. தாராளமா செய்யலாம்."

முகூர்த்தமும் நானே குறித்துக் கொடுத்தேன். செல்வராசு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குப் பொய் வராது, நிஜமாகவே பொருந்திவிட்டது என்று நம்பினான். இரண்டு வருடத்தில் நான் விமானம் ஏறிவிட்டேன்.

டேவிட் அதைச் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் அவன் கடிதம் வந்தது. 'நானும் அவளும் ஒரே வூட்ல ரெண்டு குடித்தனம்டா. அவ மேல தப்பில்லை. இங்க ஒரு ஜோசியர் ரஜ்ஜுவே இல்லேங்கிறாரு. என் சிநேகிதன் தப்பாப் பாக்க மாட்டான்னு சண்டை போட்டுட்டு வந்தேன். நீயே ஒரு வரி எழுதிப் போடு.'

அவன் மனைவியின் நட்சத்திரம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பெயர் நினைவில்லை, டைரியிலும் இல்லை.

அன்றே பதில் எழுதினேன். 'ரஜ்ஜு இல்லை. எனக்கு அன்றைக்கே தெரியும்.' அந்த நீல விமானத் தபால் தாளை மடித்து ஒட்டிவிட்டேன். மாடியில் டேவிட்டும் பீட்டரும் சிரித்துக்கொண்டே கட்டிலை நகர்த்துகிறார்கள். தினமும் வேலைக்குப் போகையில் தெருமுனைச் சிவப்புத் தபால்பெட்டியைத் தாண்டுகிறேன். ஒருபுறம் குரும்பலூர், மறுபுறம் லெஸ்டர் என்று எழுதிய அந்த நீலத் தாள், ஒன்பது நாளாக என் கோட்டுப் பைக்குள்ளேயே போய் வந்துகொண்டிருக்கிறது.