கிராண்ட்பாஸில் உறையாத பால்

கொட்டாஞ்சேனை புளோறன்ஸ், கிராண்ட்பாஸில் ஒரு யோகட் தொழிற்சாலையில் பதினேழு வருடமாகப் பரிசோதனைக்கூட உதவியாளராக இருந்தார். அவருக்கு மேலே மனேஜர் ராகுலன். வெளிநாட்டுப் பட்டத்தைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு மாட்டியிருந்தார். அதைத் துடைக்கிற துணிக்கு இருந்த வேலைகூட அவருடைய மூளைக்கு இருக்கவில்லை.

நேற்றைய யோகட்டில் கொஞ்சம் எடுத்து இன்றைய பாலுக்கு உறையாகப் போடச் சொன்னது அவர்தான். மாதக்கணக்கில் இதே கதை.

"ஒரே உறையை இப்பிடி இழுத்துக்கொண்டு போனா அதில இருக்கிற பற்றீரியாவுக்கு வைரஸ் பிடிக்கும் சேர்," என்றார் புளோறன்ஸ்.

"பற்றீரியாவுக்கும் தடிமன் காய்ச்சல் வருமோ மிஸ்?" என்று ராகுலன் சிரித்தார். படித்த மனிதரின் பகிடி.

போன மே மாதம் ஒரு காலை, நாலாயிரம் கப் பால் உறையாமல் தண்ணீராகக் கிடந்தது. மறுநாளும் அப்படியே. ராகுலன் பால் கொண்டுவருகிற செபஸ்தியனைப் பிடித்தார். "மாட்டுக்கு அன்டிபயோட்டிக் அடிச்ச பாலைத் தந்திருக்கிறாய். இனி இந்தப் பக்கம் வராதை." சோதனை, விசாரணை ஒன்றுமில்லை. அப்படித் தீர்ப்புச் சொல்லத்தான் அந்தப் பட்டம் உதவியது.

புளோறன்ஸுக்கு மனம் பொறுக்கவில்லை. கெட்ட பாலின் நீரை, பற்றீரியா புக முடியாத நுண்வடிகட்டியால் வடித்தார். சோதனைக்குழாயில் நல்ல பாலும் அதே இனப் புது உறையும் விட்டு, வடித்த நீரில் ஒரு சொட்டுச் சேர்த்தார். உறையவில்லை. அதை வடித்து அடுத்த குழாய்க்கு ஒரு சொட்டு, அதிலிருந்து அடுத்ததுக்கு. ஆறாவது குழாயும் தண்ணீர்தான். சொட்டு விடாத குழாய் மட்டும் கட்டியாக உறைந்திருந்தது.

குழாய்களை ராகுலனின் மேசையில் வைத்தார். "மருந்தெண்டா ஆறு தரம் கரைச்ச பிறகு ஒண்டும் செய்யாது சேர். இது பெருகுது. வைரஸ் பற்றீரியாவில ஒட்டி, தன்ர டி.என்.ஏ.யை உள்ளுக்கு விடும். பிறகு பற்றீரியா தன்ர வேலையை விட்டிட்டு, வைரஸுக்குத் தலையும் வாலும் செய்து பூட்டிக்கொண்டிருக்கும். கடைசியில வெடிச்சு, நூறு வைரஸ் வெளியில வரும். பாலைப் புளிக்கவைக்க ஆர் மிச்சம்?"

ராகுலன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "செய்யிறதைச் செய்யுங்கோ," என்றார்.

புளோறன்ஸ் தொட்டிகளைக் குளோரின் போட்டுக் கழுவுவித்து, வேறு இன உறை போட்டார். மூன்றாம் நாள் பால் உறைந்தது. செபஸ்தியனையும் அவரே போன் பண்ணிக் கூப்பிட்டார்.

அடுத்த மாதம் கொள்ளுப்பிட்டியில் ஒரு ஹோட்டலில் பால் உற்பத்தியாளர் கூட்டம். ராகுலன் கோட்டுப் போட்டு, "நான் கண்டுபிடித்த வைரஸ்" என்று பேசினார். "இது பற்றீரியாவைத் தின்று வளரும்."

முன்வரிசையிலிருந்த பண்ணைக்காரர் ஜவாத் கேட்டார்: "மருந்தில்லை, வைரஸ்தானெண்டு எப்பிடித் தெரியும்?"

ராகுலன் தாள்களைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார்.

பின்வரிசையில் புளோறன்ஸ் எழும்பினார். "தின்னாது. அதுக்கு வாயுமில்லை, வயிறுமில்லை. பற்றீரியாவைக் கொண்டே தன்னைச் செய்விக்கும்." ஆறு குழாயின் கதையையும் சொல்லி முடித்தார். ராகுலன் தண்ணீர் குடித்தார்.

இப்போது புளோறன்ஸ் ஜவாத்தின் பண்ணையில் தரக் கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பு. ராகுலனுக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது.